முள் இறங்காத நாள்

முந்தின மாலை அவளே கழுத்துமுட்ட நிரப்பி வைத்த சிலிண்டர், காலையில் காலியாக இருந்தது.

ஈர ரப்பரும் உப்பும் கம்ப்ரசர் எண்ணெயும் கலந்து, எத்தனை முறை கழுவிவிட்டாலும் சுவரைவிட்டுப் போகாத வாடை அடிக்கும் அந்த டைவிங் கடையின் பின்னறையில் நின்று, காற்றின் அளவைக் காட்டும் கேஜின் கண்ணாடியைத் துப்பட்டா நுனியால் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். முள் சிவப்புக் கோட்டுக்கும் கீழே, அடியோடு படுத்துக் கிடந்தது. சுவரோரம் சங்கிலிக்குள் நின்ற மற்ற சிலிண்டர்களில் ஒரு பொட்டுக் காற்றும் குறையவில்லை. குறைந்தது சின்னவனுடையதில் மட்டும்தான்.

சின்னவன் அவள் கணவனின் தம்பி. கடலுக்குள் போய்த் திரும்பாதவன்.

"சூடா நிரப்பியிருப்ப," என்றான் கணவன், கையிலிருந்த டீயைக் கீழே வைக்காமலே. "அவசர அவசரமா ஏத்தினா காத்து சூடாகும். ஆறினதும் முள்ளு இறங்கத்தான் செய்யும். இத்தனை நாளா கடையில நிக்கிற, இது கூடத் தெரியாதா?"

"சூடு ஆறினா கொஞ்சம்தாங்க இறங்கும். இது மொத்தமும் போயிருக்கு."

"அப்போ லீக்கு."

மறுபடி நிரப்பி, ரெகுலேட்டரோடு சேர்த்து, சாமான்களை அலசும் நல்ல தண்ணீர்த் தொட்டிக்குள் சிலிண்டரை இறக்கிப் பார்த்தார்கள். எங்கேனும் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தாலும் குமிழிகள் வரிசை கட்டி மேலே வரும். இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தண்ணீர் கண்ணாடிபோல நின்றது. ஒரு குமிழி இல்லை.

"ஓட்டை இல்லையே," என்றாள்.

"அப்போ உன் கைதான் ஓட்டைக் கை." தன் ஜோக்குக்குத் தானே சிரித்துவிட்டு அவன் முன்னறைக்குப் போனான்.

அவள் மட்டும் நகரவில்லை. ரெகுலேட்டர் என்பது சும்மா ஊதிக்கொண்டிருக்கும் சாமான் இல்லை. அதன் வாய்த்துண்டைப் பல்லால் கடித்து உறிஞ்சினால்தான் உள்ளே இருக்கும் சின்னக் கதவு திறந்து காற்று வரும். உறிஞ்சுவதை நிறுத்தினால் மூடிக்கொள்ளும். அதாவது ஓட்டையில்லாத ஒரு சிலிண்டர் காலியாக வேண்டுமென்றால் வழி ஒன்றுதான்.

யாரோ மூச்சு விட்டிருக்க வேண்டும்.

"காலியாயிடுச்சா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. பின்னறையை ஒட்டிய உள்ளறைதான் மாமியாருக்கு. நாற்காலியை வாசலுக்கு நேராகப் போட்டு, அந்த சிலிண்டரைப் பார்த்தபடிதான் பகல் முழுக்க உட்கார்ந்திருப்பாள். "காலியாயிடுச்சுன்னா நிரப்பு. என்ன முழிச்சுட்டு நிக்கிற? அவன் சிலிண்டர் காலியா நிக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொல்றது?"

"சரி அத்தை."

"வால்வைத் திறந்தே வை. மூடிக் கீடித் தொலைச்சிடாத."

கடலடியில் கிடந்த பழைய சரக்குக் கப்பலுக்குள் அண்ணனும் தம்பியும் சேர்ந்துதான் இறங்கினார்கள். முப்பது மீட்டர் ஆழம். உள்ளே ஓர் இடுக்கு. சிலிண்டரோடு அதில் நுழைய முடியாதென்று சின்னவன் அதைக் கழற்றி முன்னால் தள்ளிவிட்டுக் கொண்டே போனானாம். காலில் மாட்டிய துடுப்பு பட்டு வண்டல் கிளம்பிற்று. வண்டல் கிளம்பினால் கையை முகத்துக்கு நேரே வைத்தாலும் தெரியாது. அண்ணன் மேலே வந்தான். தேடப் போனவர்கள் சிலிண்டரை மட்டும் கொண்டுவந்தார்கள். அதில் பாதிக் காற்று அப்படியே இருந்தது. ஆள் கிடைக்கவில்லை.

"இவ இந்த வீட்டுல கால் வெச்ச நேரம்," என்று மாமியார் அன்றைக்குச் சொன்னதை இன்றுவரை திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஆள் கிடைக்காத வரை பிள்ளை வருவான் என்பது அவள் கணக்கு. வருகிறவனுக்குக் காற்று வேண்டும் என்பது அதை ஒட்டிய கணக்கு. கணவனும் அம்மாவிடம் வாதாடவில்லை. "நிரப்பித் தொலையேன், காத்துதானே," என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டான். ஒதுங்கியவன் அந்த சிலிண்டரின் பக்கம் கண்ணைத் திருப்புவதேயில்லை என்பதை அவள் கவனித்திருக்கிறாள்.

அவள் நிரப்பினாள். மறுநாள் காலை முள் மறுபடி அடியில் கிடந்தது. அதற்கு மறுநாளும்.

அவளுக்குச் சின்னவனை நினைத்து அழத் தோன்றியதே இல்லை. கல்யாணமான புதிதில், கடைக்கார வீட்டு மருமகள் தண்ணீருக்குப் பயப்படலாமா என்று அவளை நீச்சல் குளத்தில் இறக்கிவிட்டவன் அவன். குளத்தின் அடியில் அவள் முட்டி போட்டு உட்கார்ந்து, பரவாயில்லை, மூச்சு வருகிறது, இவ்வளவுதானா என்று நினைத்த நேரத்தில், முதுகுக்குப் பின்னால் சிலிண்டரில் மோதிரம் தட்டும் சத்தம் கேட்டது. டிங். டிங். தண்ணீருக்குள் சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று காதுக்குப் பிடிபடாது. எல்லாப் பக்கமும் ஒரே நேரத்தில் வரும். அவள் தலையைத் திருப்பித் திருப்பித் தேடினாள். அதற்குள் அவன் அவள் வால்வைத் திருகி மூடிவிட்டான். குழாயில் மிச்சமிருந்த ஒரு மூச்சு வந்தது. அடுத்தது வரவில்லை. காலி பாட்டிலை உறிஞ்சியதுபோல வாய்த்துண்டு பல்லோடு ஒட்டிக்கொண்டது. மேலே எழப் போனவளைத் தோளைப் பிடித்து அழுத்திக்கொண்டு, அவள் முகத்துக்கு நேரே கையை நீட்டி, கட்டைவிரலைக் கீழ்நோக்கித் திருப்பிக் காட்டினான். கண்ணாடிக்குள் அவன் கண்கள் சிரித்துக்கொண்டிருந்தன.

பிறகு திறந்துவிட்டான். "பரீட்சை அண்ணி," என்றான் கரையில். "காத்தை மூடினாதான் ஆள் யாருன்னு தெரியும்." கணவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். அதற்கப்புறம் அவள் தண்ணீரில் கால் வைக்கவில்லை. கரையில் நின்று காற்று நிரப்புவதோடு சரி.

நான்கைந்து நாள் கழிந்தபின் ஒரு காலை, முள் அடியில் இல்லை. கொஞ்சம் மேலே நின்றது. நிரப்பியதில் முக்கால் போய், கால்வாசி மிச்சமிருந்தது.

"பாத்தியா, சரியாயிட்டு வருது," என்றான் கணவன், கேஜைப் பார்க்காமலே.

இன்னும் சில நாளில் பாதி மிச்சமிருந்தது. அவளுக்கும் அது சரியாகி வருவதாகத்தான் பட்டது. மாமியார் மட்டும் அன்றைக்கு, வழக்கமில்லாத வழக்கமாக, தலைவாரிப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

முன்னறையில் புது மாணவர்களுக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கணவனின் குரல் கதவுக்கு இந்தப் பக்கம் தெளிவாகக் கேட்கும்.

"தண்ணிக்குள்ள கட்டைவிரலைத் தூக்கினா சூப்பர்னு அர்த்தம் இல்ல டாக்டர். மேல போலாம்னு அர்த்தம். கீழ திருப்பினா, கீழ போலாம். நீங்க பாட்டுக்கு சூப்பர் சூப்பர்னு காட்டிட்டு இருந்தீங்கன்னா, கூட வர்றவன் உங்களை இழுத்துட்டு மேல போயிடுவான்."

பல் டாக்டர் ஒருவர் சிரிக்கும் சத்தம்.

"அடுத்தது காத்து. பத்து மீட்டர் இறங்கினா, அதே ஒரு மூச்சுக்கு ரெண்டு மடங்கு காத்து செலவு. இருபதுல மூணு மடங்கு. முப்பதுல நாலு. மேல ஒரு மணி நேரத்துக்கு மேல வர்ற சிலிண்டர், முப்பது மீட்டர்ல அரை மணி கூடத் தாங்காது. ஆழம் கூடக் கூட நம்ம சிலிண்டர் சின்னதாயிட்டே போகுதுன்னு வெச்சுக்கங்க."

அவள் கையிலிருந்த துணி அப்படியே நின்றது.

முழுவதும். முக்கால். பாதி.

முப்பது. இருபது. பத்து.

சிலிண்டர் சரியாகவில்லை. மூச்சு விடுகிறவன் மேலே வந்துகொண்டிருக்கிறான்.

அன்று மாலை கடையைச் சாத்திய பின், மாடிக்குப் போகாமல், தொங்கவிட்டிருந்த வெட்சூட்களுக்குப் பின்னால் அவள் நின்றாள். கைகால் முளைத்த கறுப்பு ரப்பர்த் தோல்கள் இரண்டு பக்கமும் அவள் தோளைத் தொட்டுக்கொண்டு, சொட்டுச் சொட்டாகத் தரையில் வடிந்துகொண்டிருக்க, தெருவில் ஒரு வண்டி போய் அடங்கியதும், குழாயடியில் கடைசித் துளி விழுந்து முடிந்ததும், மாமியாரின் நாற்காலி ஒரு முறை முனகியதும் தவிர வேறு சத்தமில்லாமல் வெளிச்சம் சுவரிலிருந்து இறங்கிப் போனது. அப்போது கேட்டது. நீளமாக, நிதானமாக, பல் இடுக்கில் காற்று இழுக்கும் ஓசை. ஒரு நிறுத்தம். பிறகு தொண்டைக்குள் தண்ணீர் உருள்வதுபோன்ற ஒரு கடகடப்பு. மறுபடி இழுப்பு. அலட்டிக்கொள்ளாத, பழகின ஆளின் மூச்சு. கொக்கியில் தொங்கிய வாய்த்துண்டுக்குப் பக்கத்தில் யாருமில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் கேஜின் முள் ஒரு மயிரிழை துடித்து இறங்கியது.

அரை வாளித் துணி பிழிகிற நேரம். பிறகு நின்றுவிட்டது.

மாமியார் இருட்டுக்குள்ளிருந்து மெதுவாகச் சொன்னாள். "மறைஞ்சு நின்னு கேக்க வேண்டியதில்ல. நான் தினமும் கேக்கிறேன்."

கணவனிடம் சொன்னாள். அவன் சாப்பிட்ட கையைக் கழுவாமலே உட்கார்ந்திருந்தான்.

"வாயைக் கழுவு," என்றான் கடைசியில். "என் தம்பி செத்துட்டான். நான் பாத்தேன்."

"என்ன பாத்தீங்க? அவரு கிடைக்கவே இல்லையே."

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தவன், "இனி இந்தப் பேச்சை எடுத்தே, உங்க அம்மா வீட்டுக்குப் போயிடு," என்றான். சொல்லும்போதும் கண்கள் தரையில்தான் இருந்தன.

அதன்பின் முள் ஒரே இடத்தில் நிற்க ஆரம்பித்தது. ஒவ்வொரு காலையும் பாதிக்குச் சற்று மேலே, அதே கோடு. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அது என்ன கோடு என்று அவளுக்குக் கணக்குப் போட வேண்டியிருக்கவில்லை. ஆழத்துக்குப் போய் வருகிற எவரும் ஐந்து மீட்டரில் நின்றுதான் மேலே வரவேண்டும். ஆழத்தின் அழுத்தத்தில் ரத்தத்துக்குள் கரைந்துபோன நைட்ரஜன் மெல்ல வெளியேற அந்த நிறுத்தம். நிற்காமல் வந்தால், மூடியைப் படாரென்று திறந்த சோடாபோல உடம்புக்குள் குமிழி பொங்கும். சின்னவன் மற்றவர்கள் வால்வை மூடுவானே ஒழிய, தன் விஷயத்தில் விதியை மீறாதவன். தன் மூச்சுக் குமிழியைவிட வேகமாக ஒரு நாளும் ஏறமாட்டான்.

நிற்கிறான். எவ்வளவு நாள் கீழே கிடந்தானோ அதற்குத் தக்கபடி நிற்கிறான். தலைக்கு மேல் ஒரு வீட்டு உயரத் தண்ணீர் மட்டும்.

அன்று பிற்பகல் மழை இருட்டிக்கொண்டு வந்தது. மாமியார் கட்டிலில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தாள். முன்னறையில் கடைசி வகுப்பு. அது முடிந்ததும் எல்லாரும் அடுத்த தெரு நீச்சல் குளத்துக்குப் போவார்கள். சிலிண்டருக்கு முன்னால் அவள் நின்றாள். குளத்தின் அடியில் வாய்த்துண்டு பல்லோடு ஒட்டிக்கொண்ட அந்த ஒரு நொடி மட்டும் நெஞ்சில் இருந்தது. இவனுடைய காற்று இத்தனை நாளும் என் கையில்தானே இருந்திருக்கிறது, எனக்குத்தான் அது உறைக்கவில்லை என்று நினைத்துக்கொண்டாள்.

வாய்த்துண்டின் நடுவிலிருந்த பொத்தானை அழுத்திப் பிடித்தாள். காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. சத்தம் கேட்காமலிருக்க அதன்மேல் ஈரத் துண்டைப் பொத்தினாள். துண்டு அவள் கைக்குள் உயிருள்ளதுபோல விம்மியது. அதிலிருந்து வந்தது கம்ப்ரசர் வாடை இல்லை. வண்டல் வாடை. முள் இறங்கிற்று. பாதி. கால். சிவப்பு. அடி. சீற்றம் மெலிந்து, இழுத்து, நின்றது.

பரீட்சை, என்று சொல்லிக்கொண்டாள். காத்தை மூடினாதான் ஆள் யாருன்னு தெரியும்.

கதவுக்கு அந்தப் பக்கம் பல் டாக்டரின் குரல் கேட்டது.

"சார், ஒரு சந்தேகம். அந்த அஞ்சு மீட்டர்ல நிக்கும்போது காத்து தீர்ந்துட்டா? அவ்வளவுதானா?"

கணவன் சிரித்தான். "அஞ்சு மீட்டர்ல காத்து தீர்ந்து யாருங்க சாவாங்க? மேல வந்துடுவீங்க டாக்டர். மூச்சை மெதுவா விட்டுட்டே ரெண்டு உதை உதைச்சா மேல. காத்து இருக்கிற வரைக்கும்தான் அங்க நிப்பீங்க. இல்லன்னா என்னத்துக்கு நிக்கிறீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. ஷட்டர் பாதி இறங்கும் சத்தம். வண்டிகள் கிளம்பும் சத்தம்.

அவள் கையில் துண்டு இன்னும் இருந்தது.

அவனைக் கீழேயே பிடித்து வைத்திருந்ததே அந்தக் காற்றுதான். அதை அவளே எடுத்துவிட்டாள்.

ஓடிப்போய்க் கம்ப்ரசரைப் போட்டாள். குழாயை மாட்டினாள், விரல் வழுக்கியது, மறுபடி மாட்டினாள். இயந்திரம் இருமி, பிடித்து, அறை முழுக்க அதிர்ந்தது. சூடாகட்டும். எப்படி வேண்டுமானாலும் ஏறட்டும். கை வைக்க முடியாதபடி சிலிண்டர் கொதித்தது. அதன்மேல் தொட்டித் தண்ணீரை அள்ளி அள்ளி ஊற்றினாள். முள் ஏறியது. நிறைந்தது. ரெகுலேட்டரை மாட்டி வால்வை முழுக்கத் திறந்து, வாய்த்துண்டை எடுத்துக் கொக்கியில் தொங்கவிட்டாள்.

"எடுத்துக்க," என்றாள் மெதுவாக. "அங்கேயே நில்லு. தினமும் நிரப்புறேன். நில்லு."

கம்ப்ரசரை நிறுத்தியதும் மழை மட்டும் கேட்டது. தகரக் கூரையில் விழுந்து, சுவரோரமாக ஓடி, எங்கோ ஒரு குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னலில் இருந்த வெளிச்சம் சாம்பல் நிறமாயிற்று. வழக்கமான நேரம். அவள் கேஜின் முன் முட்டி போட்டு உட்கார்ந்தாள்.

இழுப்பு வரவில்லை.

சிலிண்டர் ஆற ஆற முள் கொஞ்சம் தளர்ந்தது. அவளுக்கு உயிர் வந்தது. பிறகு அது நின்றுவிட்டது. சூடு ஆறியதுதான். மூச்சு இல்லை.

அரை வாளித் துணி பிழிகிற நேரம் போனது. ஒரு வாளித் துணி பிழிகிற நேரமும் போனது. முள் அசையவில்லை.

"இறங்கலையா?"

மாமியார் எழுந்து நாற்காலிக்கு வந்திருந்தாள். மடியில் மடித்த வெள்ளைத் துவாலை.

"இல்ல அத்தை."

"இனி இறங்காது." குரலில் கோபம் இல்லை. இந்த வீட்டில் அந்தக் குரலைக் கோபமில்லாமல் அவள் கேட்டதே இல்லை. "இனி எதுக்கு அவனுக்கு அது?"

மழை நின்றது. ஆனால் சொட்டுச் சத்தம் நிற்கவில்லை. வெட்சூட்கள் எல்லாம் காலையிலேயே காய்ந்துவிட்டன என்பது அவளுக்கு நினைவுக்கு வந்தது. சொட்டு. ஒரு நிறுத்தம். இன்னும் கொஞ்சம் பக்கத்தில், சொட்டு. உப்பு வாடைக்கு அடியிலிருந்து வண்டல் வாடை எழுந்து வந்தது. கணுக்காலில் ஏதோ சில்லிட்டது. குனிந்து பார்த்தாள். சிமெண்டுத் தரையில் தண்ணீர் ஒரு விரல் அகலத்துக்கு நீண்டு, அவள் கால் இரண்டையும் சுற்றிக்கொண்டு போயிற்று.

மாமியார் அவளைப் பார்க்கவில்லை. அவள் தோளுக்கு மேலே பார்த்தாள். இறுகிக்கிடந்த முகம் மெல்ல, மெல்ல அவிழ்ந்தது.

"காலைத் தொடச்சிட்டு வாடா," என்றாள். "வீடெல்லாம் தண்ணி."

திரும்பக் கூடாது.

அவள் திரும்பவில்லை.

டிங். டிங்.

பின்னாலா. முன்னாலா. எல்லாப் பக்கமும். காற்றில் அப்படிக் கேட்காது. தண்ணீருக்குள்தான் அப்படிக் கேட்கும்.

அவள் முதுகில் சிலிண்டர் இல்லை. ஒன்றுமே இல்லை. இருந்தும் இரண்டு தோள்பட்டைக்கும் நடுவில், கழுத்துக்குக் கீழே, எதையோ ஒரு கை பிடித்தது. திருகியது. வலது பக்கமாக. நிதானமாக. முழுதாக மூடும்வரை.

ஒரு மூச்சு வந்தது.

அடுத்ததற்கு வாய் திறந்தாள். அறை முழுக்கக் காற்று இருந்தது. பக்கத்தில் நிறைந்த சிலிண்டர் இருந்தது. நாக்கு அண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது. வரவில்லை.

தோளில் ஒரு கை அழுத்தியது.

இன்னொரு கை முன்னால் வந்தது. அவள் முகத்துக்கு நேரே. வெளுத்து, ஊறி, தோல் கையுறைபோலத் தளர்ந்த கை. மோதிரம் மட்டும் இறுக்கமாக இருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக மடக்கியது. கட்டைவிரலை மட்டும் விட்டுவைத்தது.

அதை மெதுவாகக் கீழ்நோக்கித் திருப்பியது.